கரி மேல் மாலிப்டினம்: சின்கேஸிலிருந்து ஆல்கஹால் எடுக்க ஆய்வகத்தில் எந்தப் படிக்குப் பின் எந்தப் படி

ஆய்வகத்தில் ஒரு சிறிய குழாய் ரியாக்டரை வைத்துக்கொண்டு, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த சின்கேஸிலிருந்து எத்தனால், புரொப்பனால் போன்ற ஆல்கஹால்களை எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வினையூக்கியின் செய்முறையிலேயே மூழ்கிவிடுகிறார்கள். எத்தனை சதவீதம் கோபால்ட், எத்தனை சதவீதம் பொட்டாசியம் என்று வாரக்கணக்கில் விவாதிப்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை வேலை கெடுவது அங்கே அல்ல. ஒரு படியை முன்னால் செய்வதற்குப் பதில் பின்னால் செய்ததிலோ, காற்று உள்ளே போனதிலோ, வெளியே வந்த வாயுவைத் தப்பாகக் கணக்கிட்டதிலோதான் கெடுகிறது.

1. எந்த வினையூக்கி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கரியைத் தாங்கியாக, அதாவது உலோகத் துகள்கள் உட்காரும் தளமாக, வைத்து ஆல்கஹால் எடுக்க மூன்று வழிகள் பரவலாக உண்டு. ரோடியம் ஒன்று. கார்பன் நானோ குழாய்க்கு உள்ளே ரோடியம்–மாங்கனீஸ் துகள்களை வைத்தால், அதே துகள் குழாய்க்கு வெளியே இருப்பதைவிட எத்தனால் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக உருவாகிறது என்று 2007இல் சீனாவின் தாலியன் வேதி இயற்பியல் நிறுவனத்தார் காட்டினார்கள். நல்ல வேதியியல்தான், ஆனால் ரோடியம் விலை தெரியும்தானே. இரண்டாவது, கோபால்ட்டும் கோபால்ட் கார்பைடும் சேர்ந்தது. நீண்ட சங்கிலி ஆல்கஹால்கள் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போகலாம்.

மூன்றாவது, பொட்டாசியமும் கோபால்ட்டும் சேர்த்த மாலிப்டினம் சல்ஃபைடு. இந்த வழிகாட்டி இதைப் பற்றியது. காரணம் எளிது: நிலக்கரியிலிருந்தோ மரக்கழிவிலிருந்தோ வரும் வாயுவில் கந்தகம் இருக்கும். அது மெத்தனால் தயாரிக்கும் செம்பு வினையூக்கிகளைக் கொன்றுவிடும், மாலிப்டினம் சல்ஃபைடுக்கோ அது வேண்டும்.

தாங்கியாக அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) ஏன் கூடாது என்ற கேள்வி தவறாமல் வரும். அலுமினாவின் அமிலத்தன்மை, உருவான ஆல்கஹாலிலிருந்து நீரைப் பிடுங்கி ஈதராகவும் ஒலிஃபினாகவும் மாற்றும், கோக் என்னும் கரிப் படிவு சேரவும் வைக்கும். போதாததற்கு மாலிப்டினத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு சல்ஃபைடாக மாற விடாது. கரியில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் தனித்தனி டிடெக்டர் வேண்டும். ஒன்றுக்கு வாசனையே கிடையாது. இன்னொன்றின் அழுகிய முட்டை நாற்றத்தை நம்பி இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் 100 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 100 பங்கை) நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அந்த நேரத்தில்தான் ஆபத்து கூடியிருக்கும். தனியாக ஆய்வகத்தில் இருக்கும் நாளில் கந்தகம் ஏற்றும் வேலையை (8ஆம் படி) தொடங்க வேண்டாம்.

கார்பன் மோனாக்சைடை அலுமினியச் சிலிண்டரில் வாங்குங்கள். எஃகுச் சிலிண்டரில் அழுத்தத்தோடு கிடக்கும்போது அது இரும்போடு சேர்ந்து இரும்பு கார்போனைல் ஆகிவிடும். அது ஆவியாக உங்கள் ரியாக்டருக்குள் வந்து, சூடான வினையூக்கி மேல் இரும்பாகப் படியும், படிந்த இரும்பு மீத்தேன் செய்யத் தொடங்கும். அலுமினியச் சிலிண்டராகவே இருந்தாலும் அதற்கும் ரியாக்டருக்கும் நடுவில் கார்போனைலைப் பிடித்து நிறுத்த ஒரு சிறிய ஆக்டிவேட்டட் கார்பன் பொறி வைப்பது நல்லது.

வெளியேறும் வாயு நேரே ஃப்யூம் ஹுட் (நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) வழியாக வெளியே போக வேண்டும். கந்தகம் ஏற்றும்போது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் வழியாக விட்டால் போதும். ஆனால் சின்கேஸ் ஓடும்போது அதே கரைசலை நம்பாதீர்கள். வினையில் வரும் கார்பன் டைஆக்சைடே அதைச் சீக்கிரம் தீர்த்துவிடும். அப்போது காப்பர் சல்ஃபேட் கரைசல் வசதி, கந்தகத்தைப் பிடித்ததும் கறுப்பாகப் படிந்து உங்களுக்குக் காட்டியும் கொடுக்கும். இரண்டுமே கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது என்பதை மறக்க வேண்டாம்.

3. கரியைத் தேர்ந்தெடுப்பது

எல்லா ஆக்டிவேட்டட் கார்பனும் ஒன்றல்ல. பரப்பளவு எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதுதான் இங்கே வழக்கமான தப்பு. கிராமுக்கு 1000 சதுர மீட்டருக்கு மேல் என்று அட்டையில் போட்டிருக்கும், ஆனால் அந்தப் பரப்பில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்குக் குறைவான நுண்துளைக்குள் ஒளிந்திருக்கும். அங்கே மாலிப்டினம் போய் அடைத்துக்கொண்டால் வினைபடு வாயு அதை எட்டாது. உருவான ஆல்கஹாலும் சட்டென்று வெளியே வராமல் மேற்கொண்டு வினைப்பட்டு ஹைட்ரோகார்பனாகும்.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது தேங்காய்ச் சிரட்டைக் கரி. கெட்டியானது, தூளாகாது, ரியாக்டருக்கு வசதி. ஆனால் அது பெரும்பாலும் நுண்துளைக் கரி, அதோடு சாம்பலில் பொட்டாசியமும் உண்டு. முதல் பழக்கத்துக்கு அது போதும். மரத்தைப் பாஸ்பாரிக் அமிலம் போட்டுத் தயாரித்த கரியில் கொஞ்சம் பெரிய துளைகள் இருக்கும், ஆனால் மிச்சமிருக்கும் பாஸ்பரஸும் அமிலத்தன்மையும் கூடவே வரும். பல சுவர் கார்பன் நானோ குழாயில் துளை அளவு மிகப் பொருத்தம். அதை வளர்க்கப் பயன்படுத்திய இரும்போ நிக்கலோ உள்ளே மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எதை எடுத்தாலும் ஒரு கிராமைக் காற்றில் முழுதாக எரித்துச் சாம்பலை எடை போடுங்கள். முடிந்தால் அந்தச் சாம்பலில் இரும்பு, நிக்கல், பொட்டாசியம் எவ்வளவு என்றும் பாருங்கள்.

4. அமிலத்தில் கழுவுவது

கரியை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ரிஃப்ளக்ஸ் செய்து (ஆவி குளிர்ந்து திரும்ப விழும்படி கொதிக்கவைத்து), பின் கழுவும் நீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவி, 110 டிகிரியில் உலர்த்துங்கள். இது இரண்டு வேலை செய்கிறது: சாம்பல் உலோகங்களைக் கரைத்து எடுக்கிறது, கரியின் மேற்பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகளை உருவாக்குகிறது. அந்தத் தொகுதிகள் இல்லாத கரிக்கு நீர் ஒட்டாது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி கரைசல் மேலேயே உருண்டுகொண்டிருக்கும், உலோகம் உள்ளே போகாது.

கழுவுவதில் அவசரப்படுகிறவர்கள் நிறைய. நைட்ரேட் மிச்சத்தோடு உலர்ந்த கரி சூடாகும்போது தானாகவே எரியத் தொடங்கலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு கழுவுங்கள்.

5. உலோகங்களை ஏற்றுவது

முதலில் துளைக் கொள்ளளவு. ஒரு கிராம் உலர்ந்த கரியில் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக் கிளறுங்கள். பொலபொலவென்று இருந்தது திடீரென ஒட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த அளவுக்கு மேல் கரைசல் விட்டால் மிச்சம் துளைக்கு வெளியே உலர்ந்து பெரிய கட்டிகளாகும்.

கணக்கு இப்படி. இறுதி எடையில் மாலிப்டினம் 15, பொட்டாசியம் 9, கோபால்ட் 4.5 சதவீதம், மீதி கரி என்று வைத்துக்கொண்டால், 10 கிராம் கரிக்கு மாலிப்டினம் 2.10, பொட்டாசியம் 1.26, கோபால்ட் 0.63 கிராம் வேண்டும். உப்பாகச் சொன்னால் அம்மோனியம் ஹெப்டாமாலிப்டேட் 3.86 கிராம், பொட்டாசியம் கார்பனேட் 2.22 கிராம், கோபால்ட் அசிட்டேட் டெட்ராஹைட்ரேட் 2.66 கிராம். சல்ஃபைடாக மாறிய பின் கந்தகத்தின் எடையும் சேரும் என்பதால், சதவீதத்தை எந்த அடிப்படையில் சொல்கிறீர்கள் என்று நோட்டில் எழுதிவையுங்கள்.

இனி ஒரு சிக்கல் வரும். உங்கள் கரி கிராமுக்கு 0.8 மில்லி நீர் பிடிக்கிறது என்றால் 10 கிராமுக்கு 8 மில்லிதான் இடம். மாலிப்டேட் உப்போ அறை வெப்பநிலையில் 100 மில்லிக்குச் சுமார் 43 கிராம்தான் கரையும். அதாவது 3.86 கிராம் அந்த 8 மில்லியில் முழுதாகக் கரையாது. கலங்கலாகவே ஊற்றிவிடுகிறார்கள், அந்தக் கரையாத தூள் கரிக்கு வெளியே படிந்து, அந்தப் பகுதி வீணாகிறது. இரண்டு தடவையாகப் பிரித்து, நடுவில் ஒரு முறை உலர்த்தி ஏற்றுங்கள். மாலிப்டினம் ஏறிய பிறகு துளைக் கொள்ளளவு குறைந்திருக்கும், அதனால் அடுத்த உலோகத்துக்கு முன் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

நான் சொல்லும் வரிசை மாலிப்டினம், கோபால்ட், கடைசியில் பொட்டாசியம். பொட்டாசியத்தை முதலில் ஏற்றுகிறவர்களும் உண்டு, அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபால்ட் உப்பையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் ஒரே குடுவையில் கலக்காதீர்கள், உடனே கோபால்ட் கார்பனேட் படிந்துவிடும். ஒரு வரிசையைப் பிடித்தால் அந்தத் தொடர் முழுவதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

கோபால்ட் நைட்ரேட் மலிவு, நன்றாகவும் கரையும். ஆனாலும் அசிட்டேட் சொன்னதற்குக் காரணம், அம்மோனியம் உப்பும் நைட்ரேட்டும் கரியும் ஒரே இடத்தில் சூடாவது நல்ல சேர்க்கை அல்ல.

6. காற்றில்லாமல் சூடாக்குவது

ஒவ்வொரு ஏற்றலுக்குப் பிறகும் 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, பின் நைட்ரஜனிலோ ஹீலியத்திலோ 450 முதல் 500 டிகிரி வரை மெதுவாகச் சூடாக்குங்கள், நிமிடத்துக்கு 2 டிகிரி போதும். அலுமினாவில் வேலை செய்து பழகிய கை தானாக மஃபிள் ஃபர்னஸை (காற்றிலேயே சூடாக்கும் உலை) திறக்கும். அங்கே காற்றில் சூடாக்கினால் கரி சும்மாவே எரியும், மாலிப்டினமும் பொட்டாசியமும் மேலே இருப்பதால் இன்னும் குறைந்த வெப்பத்திலேயே எரியும். காலையில் வந்து பார்த்தால் தட்டில் சாம்பலும் ஆக்சைடும்தான் இருக்கும்.

ஆறிய பிறகு ஈரம் புகாத டெசிகேட்டர் ஜாடிக்குள் வையுங்கள். பொட்டாசியம் கார்பனேட் ஈரத்தை இழுத்துக்கொண்டு இடம் மாறும்.

7. ரியாக்டரில் நிரப்புவதும், நிரப்பாமல் ஓட்டுவதும்

வினையூக்கியைச் சலித்து 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் துகளை எடுங்கள். 2 கிராம் எடுத்து, அதே துகள் அளவுள்ள சிலிக்கன் கார்பைடோடு கலந்து நிரப்புங்கள். கார்பன் மோனாக்சைடு மீத்தேனாக மாறும் வினை மோலுக்கு 206 கிலோஜூல் வெப்பம் வெளிவிடும். அந்த வெப்பம் ஒரே இடத்தில் தேங்கினால் அங்கே மீத்தேன் இன்னும் வேகமாக உருவாகும், வெப்பம் இன்னும் ஏறும். சிலிக்கன் கார்பைடு அதைப் பரப்பிவிடும். வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிளின் முனை படுக்கைக்கு (நிரப்பிய துகள் அடுக்குக்கு) உள்ளே இருக்க வேண்டும். ஃபர்னஸ் சுவரின் வெப்பநிலையைப் படித்துவிட்டு அதையே வினை வெப்பநிலை என்று எழுதுவது வீண்.

ஆனால் வினையூக்கியை நிரப்புவதற்கு முன்னாலேயே இரண்டு வெற்று ஓட்டம் போடுங்கள். ஒன்று, வெறும் சிலிக்கன் கார்பைடு மட்டும், முழு அழுத்தத்தில், முழு வெப்பத்தில், சின்கேஸோடு. ரியாக்டர் சுவரில் உள்ள நிக்கலும் இரும்பும் எவ்வளவு மீத்தேன் செய்கின்றன என்று இதில் தெரியும். இரண்டு, உலோகம் ஏற்றாத கழுவிய கரியோடு. கரியே ஹைட்ரஜனோடு சேர்ந்து கொஞ்சம் மீத்தேன் தரும், ஆக்சிஜன் தொகுதிகள் உடைந்து கார்பன் ஆக்சைடுகளும் வரும். இந்த இரண்டு எண்ணும் கையில் இல்லாமல், வந்த மீத்தேன் முழுவதையும் வினையூக்கியின் தலையில் போடுவது நியாயமில்லை. ஆர்வத்தில் இந்த ஓட்டத்தைத் தவிர்க்காத மாணவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் லீக் டெஸ்ட். ஹீலியத்தில், வேலை செய்யப்போகும் அழுத்தத்தில், சில மணி நேரம் அடைத்து வைத்து கேஜ் இறங்குகிறதா என்று பாருங்கள்.

8. ஆக்சைடைச் சல்ஃபைடாக மாற்றுவது

சூடாக்கியதில் ஆக்சைடாகியிருக்கும் மாலிப்டினத்துக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடால் கந்தகம் ஏற்றும் படி இது. ரியாக்டருக்கு உள்ளேயே செய்யுங்கள். வெளியே செய்துவிட்டுக் காற்று வழியாகக் கொண்டுவந்தால், புதிதாக உருவான சல்ஃபைடு ஆக்சிஜனேற்றமாகித் தானே சூடாகும்.

ஹைட்ரஜனில் 10 சதவீதம் ஹைட்ரஜன் சல்ஃபைடு கலந்த சிலிண்டர், வளிமண்டல அழுத்தம், நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் 400 முதல் 450 டிகிரி வரை, அங்கே சில மணி நேரம். முக்கியமானது ஒன்று: கந்தகம் வருவதற்கு முன் சூடான படுக்கை மேல் வெறும் ஹைட்ரஜனை ஓடவிடாதீர்கள். மாலிப்டினம் ஆக்சைடு டைஆக்சைடாக ஒடுங்கிவிடும், அதைப் பிறகு சல்ஃபைடாக மாற்றுவது பெரும்பாடு. அதனால் அறை வெப்பநிலையிலிருந்தே கந்தகக் கலவை ஓட வேண்டும். இறக்கும்போதும் 200 டிகிரி வரும்வரை அதே கலவை ஓடட்டும், பின்னர் ஹீலியத்தால் நன்றாக விரட்டுங்கள்.

முதலில் வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்காது, ஏனென்றால் உள்ளே போவதை எல்லாம் வினையூக்கி குடித்துக்கொண்டிருக்கும். வெளியே வரும் அளவு உள்ளே போகும் அளவுக்குச் சமமாகி நிலைத்தால்தான் முடிந்தது. கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவதைவிட இது நம்பகமானது.

9. சின்கேஸ் விடுவது

ஹீலியத்தில் அழுத்தத்தை 8 மெகாபாஸ்கலுக்கு ஏற்றி, படுக்கை 250 டிகிரிக்கு வந்ததும் சின்கேஸை விடுங்கள், பிறகு 300க்கு மெதுவாக ஏற்றுங்கள். குளிர்ந்த எஃகுக் குழாயில் அழுத்தத்தோடு கார்பன் மோனாக்சைடை நெடுநேரம் தேக்கி வைத்தால் அங்கேயே கார்போனைல் உருவாகும். அதைத் தவிர்க்கத்தான் இந்த வரிசை.

ஹைட்ரஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் விகிதம் 1க்கும் 2க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். எத்தனால் சமன்பாடு 2 கேட்கிறதே என்று தோன்றும். ஆனால் இந்த வினையூக்கி, வினையில் வரும் நீரைக் கார்பன் மோனாக்சைடோடு சேர்த்து ஹைட்ரஜனாகவும் கார்பன் டைஆக்சைடாகவும் மாற்றிவிடும். ஆக 1 என்ற விகிதத்திலும் நன்றாக ஓடும், நீண்ட ஆல்கஹால்களின் பங்கும் கொஞ்சம் கூடும். வாயு ஓட்டம் 2 கிராமுக்கு நிமிடத்துக்கு 120 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்ட வாயுவில் (ரியாக்டருக்குள் விடும் வாயுவில்) 50 முதல் 100 பிபிஎம் ஹைட்ரஜன் சல்ஃபைடு தொடர்ந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வினையூக்கி கந்தகத்தை மெல்ல மெல்ல இழக்கும். முதல் சில நாள் ஒன்றும் தெரியாது, அப்புறம் தேர்வுத்திறன் (மாறிய கார்பனில் ஆல்கஹாலுக்குப் போகும் பங்கு) சரியும்போது காரணம் தேடி அலைய வேண்டியிருக்கும். ரொம்பக் கூட்டினால் செயல்திறன் குறைந்து, திரவத்தில் தயால் (கந்தகம் உள்ள, ஆல்கஹால் போன்ற சேர்மம்) நாற்றம் ஏறும்.

முதல் நாள் எண்களைக் குறித்துவையுங்கள், ஆனால் முடிவு எடுக்காதீர்கள். நிலைக்கு வரச் சுமார் ஒரு நாள் ஆகும். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வெப்பத்தை ஏற்றினால் மாற்றம் (வினைப்படும் கார்பன் மோனாக்சைடின் சதவீதம்) கூடும், கூடவே மீத்தேனும் கூடும். 350 டிகிரிக்கு மேல் போவதில் ஆல்கஹால் தேடுகிறவருக்கு லாபமில்லை.

10. திரவத்தைப் பிடிப்பது

ரியாக்டரிலிருந்து, குளிர வைத்துத் திரவத்தைப் பிரிக்கும் பிரிப்பான் வரை குழாய் சூடாக இருக்க வேண்டும், பிரிப்பான் 0 டிகிரி அருகே இருக்க வேண்டும், அதுவும் அழுத்தத்தை இறக்குவதற்கு முன்னால். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். 0 டிகிரியில் மெத்தனாலின் ஆவி அழுத்தம் சுமார் 4 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் பிரித்தால் வெளியேறும் வாயுவில் 4 சதவீதம் வரை மெத்தனாலாகவே போய்விடும். 8 மெகாபாஸ்கலில் பிரித்தால் இழப்பு மிகச் சொற்பம்.

ஆனால் அழுத்தத்தில் பிடித்த திரவத்தில் கார்பன் டைஆக்சைடு நிறையக் கரைந்திருக்கும். வால்வைச் சட்டென்று திறந்தால் சோடா பாட்டில் கதைதான், பொங்கும்போது ஆல்கஹாலையும் சேர்த்துக் கொண்டுபோகும். குளிர்ந்த குப்பியில், மெதுவாக.

நீரின் அளவை அயோடின் செலவை வைத்து அளக்கும் கார்ல் ஃபிஷர் முறையில் பார்ப்பவர்கள் கவனிக்க: கரைந்த ஹைட்ரஜன் சல்ஃபைடும் தயாலும் அயோடினைத் தின்னும், நீர் அதிகம் இருப்பதுபோலக் காட்டும்.

11. கணக்கு

ஊட்ட வாயுவில் வினைப்படாத நைட்ரஜனை 5 சதவீதம் சேர்த்து உள் அளவுகோலாக வையுங்கள். ஏன் என்று ஒரு உதாரணம். உள்ளே கார்பன் மோனாக்சைடு 45, நைட்ரஜன் 5 சதவீதம். வெளியே வரும் வாயுவில் 41, 6. கார்பன் மோனாக்சைடை மட்டும் பார்த்தால் 45 போய் 41, அதாவது 9 சதவீதம் மாற்றம் என்று தோன்றும். ஆனால் திரவம் பிரிந்து வாயு சுருங்கியிருக்கிறது. விகிதத்தில் பார்த்தால் உள்ளே 9, வெளியே 6.83, உண்மையான மாற்றம் 24 சதவீதம்.

அடுத்து, தேர்வுத்திறனைக் கார்பன் டைஆக்சைடு நீக்கிச் சொல்கிறீர்களா, சேர்த்தா என்று எழுத வேண்டும். நீர் முழுவதும் மாறிவிட்டால் மூன்று கார்பன் மோனாக்சைடுக்கு ஒரு எத்தனாலும் ஒரு கார்பன் டைஆக்சைடும் வரும், அதாவது கார்பனில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போகிறது. இதை நீக்கிவிட்டு எழுதிய அழகான சதவீதத்தை, நீக்காமல் எழுதிய இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிட்டு மகிழ்வது அடிக்கடி நடக்கிறது.

ஜிசியில் (வாயு குரோமடோகிராஃபில்) உள்ள எஃப்ஐடி என்னும் சுடர் உணரி ஆல்கஹாலை, அதே கார்பன் எண்ணுள்ள ஹைட்ரோகார்பனைவிடக் குறைவாகவே காட்டும், மெத்தனாலில் இது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு ஆல்கஹாலுக்கும் தனித்தனியாக அளவீடு செய்யுங்கள். பிறகு கார்பன் எண்ணுக்கு எதிராக மோல் பின்னத்தின் மடக்கையைப் போட்டுப் பாருங்கள். மெத்தனால் விலகி நிற்கலாம், எத்தனாலிலிருந்து பியூட்டனால் வரை கிட்டத்தட்ட நேர்கோடு வர வேண்டும். நடுவில் ஒரு புள்ளி மட்டும் துள்ளினால், புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்குமுன் அளவீட்டைச் சரிபாருங்கள்.

கார்பன் கணக்கு (உள்ளே போன கார்பனில் வெளியே வந்தது) 95க்கும் 105 சதவீதத்துக்கும் இடையில் வராத ஓட்டத்தை நான் வரைபடத்தில் சேர்ப்பதில்லை. குறைவாக வந்தால் பெரும்பாலும் திரவம் ஆவியாகத் தப்பியிருக்கிறது. நாள் போகப்போக மீத்தேன் மட்டும் ஏறினால் கார்போனைலைச் சந்தேகியுங்கள். படுக்கையின் மேல் முனைத் துகள்களைத் தனியாக எடுத்து இரும்பு இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

12. நிறுத்துவது

சின்கேஸை நிறுத்தி, ஹீலியத்துக்கு மாற்றி, சூடாக இருக்கும்போதே விரட்டுங்கள், பிறகுதான் ஆறவிட வேண்டும். அழுத்தத்தை மெதுவாக இறக்குங்கள். அறை வெப்பநிலைக்கு வந்த பின் ஹீலியத்தில் ஒரு சதவீத அளவு ஆக்சிஜன் கலந்து, படுக்கை வெப்பநிலை ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே விடுங்கள். ஏறினால் ஆக்சிஜனை நிறுத்திக் காத்திருங்கள்.

வெளியே எடுத்த துகளைக் காகிதத்திலோ குப்பைக் கூடையிலோ போடக் கூடாது, அது தானாகச் சூடாகும் கரி. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் நைட்ரஜனோடு வைத்து, ஓட்ட எண்ணையும் மேல் முனையா கீழ் முனையா என்பதையும் ஒட்டிவிடுங்கள்.